நான்காம் மாடியின் இரண்டு பூட்டுகள்

"எனக்கு என் மருமகனைப் பிடிக்காது" என்றுதான் அந்த அம்மாள் பேச்சைத் தொடங்கினாள்.

மதிப்பீட்டாளர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது மெய்யான இழப்பு, எது காப்பீட்டுப் பணத்துக்காகச் சொன்ன பொய் என்று பிரித்துச் சொல்வது அவருடைய தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை அந்தப் பெயராலேயே அழைத்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பார். அந்த இரண்டாவது காத்திருப்பில்தான் பலரும் உண்மையை உளறுகிறார்கள் என்று அவருடைய மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மச்சான், மனைவியின் தம்பி. மின்சாமான் கடை வைத்திருந்தான். ஆனால் கடையில் இருந்ததைவிட அத்தான் வீட்டு முன்னறையில் இருந்ததுதான் அதிகம்.

"பிடிக்காத மருமகனுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றான் அவன்.

"பின்ன? என் பொண்ணைக் கட்டிக்கிட்டு லிஃப்ட் ஓட்டுறான். மேல போறான், கீழ வரான், எங்கயும் போய்ச் சேரல. இன்னைக்கு வரைக்கும் அவனை நான் மாப்பிள்ளைன்னு வாய் நிறைய கூப்பிட்டதில்ல." அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா அவன் கொலைகாரன் இல்லைங்க. எங்க தெரு மூழ்கினதுக்கு அவன்தான் காரணம்னு சொல்றாங்க. அவன் மாமியார் வீடும்தான் மூழ்கிச்சு. என்னை எவ்வளவு வெறுத்தாலும் அதுக்காக ஒரு தெருவையே மூழ்கடிப்பானா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

ஊருக்குத் தெரிந்த கதைதான். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஏரி தளும்பியது. மதகைத் திறந்தால் தண்ணீர் பழைய கால்வாய் வழியாகத் தரிசு நிலத்துக்குப் போய்விடும். திறக்காவிட்டால் கரை உடைந்து கரையோரத் தெருவுக்குள் வரும். மதகடியில் ஒரு பொறியாளர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தார். உத்தரவு நீர்த்துறைக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து வர வேண்டும். அதுவும் ஒரு குரலில் அல்ல. துறை அமைச்சர் ஒரு முறை, துறைச் செயலாளர் ஒரு முறை, இருவரும் அதே தொலைபேசியில் சொன்னால்தான் செல்லும். ஒருவர் தனியாகச் சொல்லிப் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த இருவருமே பாடுபட்டுக் கொண்டுவந்த விதி அது.

அவர்களுக்குள் நடந்த சண்டை நாடறிந்தது. அமைச்சர் அறை வாசலில் விரிப்பு போட்டால், மறுநாள் செயலாளர் அறை வாசலில் அதைவிட ஒரு சாண் நீளமான விரிப்பு இருக்கும். அமைச்சர் கூட்டம் வைத்தால் செயலாளருக்குக் காய்ச்சல் வரும். செயலாளர் கோப்பு அனுப்பினால் அமைச்சருக்குக் கண்ணாடி தொலைந்துவிடும். ஊர் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கரையோரத் தெருவும் சேர்ந்துதான் சிரித்தது.

மழை நாளன்று இருவரும் ஒரே நேரத்தில் லிஃப்டில் ஏறினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஆறாம் மாடியில் வெளியே வந்தார்கள். அதற்குள் கரை உடைந்திருந்தது. கரையோரத் தெருவில் தையல்காரர் ஒருவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூரைமேல் ஏற்றிவிட்டுத் தான் ஏற முடியாமல் போனார்.

"லிஃப்டை நிறுத்தினது என் மருமகன்தானாம்" என்றாள் அம்மாள். "காலைல அமைச்சர் அவனைத் திட்டினாராம். அந்தக் கோவத்துல மொட்டை மாடிக்கு ஓடிப்போய் மோட்டார் அறையில மெயின் சுவிட்சை அணைச்சுட்டானாம். படியில அவன் ஓடுறதை ஒரு கிளார்க் பார்த்திருக்காரு. வெள்ளிக்கிழமை குற்றப் பத்திரிகை போடப் போறாங்க. என் பொண்ணு வீட்டுக் கதவுல சாணியைக் கரைச்சு ஊத்திட்டுப் போறாங்க, எங்க தெரு ஆளுங்களே."

"உங்க மருமகன் என்ன சொல்றாரு?" மதிப்பீட்டாளர் முதல் முறையாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஏறினதும் 'நீ இறங்கு'ன்னாங்களாம். இறங்கி, வெளிக்கதவைச் சாத்தி விட்டுட்டு, படி வழியா ஆறாம் மாடிக்கு ஓடியிருக்கான். ஏன்னு கேளுங்க. அது பழைய லிஃப்ட், கதவைக் கையால இழுக்கணும். பெரியவங்க கதவைத் தொட மாட்டாங்க. இவன் மேல போய் நின்னு திறந்து விடணும். போய் நின்னான், லிஃப்ட் வரல. மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தா சுவிட்ச் போட்டபடியே இருக்காம். ஏதாவது ஒரு மாடியில கதவு சரியா மூடலைன்னா அது அசையாது, அதனால ஒவ்வொரு மாடியா இறங்கித் தட்டிப் பார்த்திருக்கான்."

"எல்லா மாடியும்?"

"நாலாவதுக்கு மட்டும் போக முடியாது. படிக்கதவுல ரெண்டு பூட்டு. அங்க ஒரு மூலை அறை இருக்காம். அது யாருக்குன்னு ரெண்டு பேருக்கும் தகராறு. வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்த ஆளுங்களைப் பாதியில துரத்திவிட்டு, அமைச்சர் ஒரு பூட்டு, செயலாளர் ஒரு பூட்டு. ரெண்டு வருஷமா ஒரு ஈ காக்கா உள்ள போனதில்ல."

மதிப்பீட்டாளர் எழுந்து அலமாரியிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்தார். முதல் பக்கத்தில் அந்தப் புகைப்படம் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்த கணம். குட்டையான அமைச்சர் கையை உயர்த்தியபடி, நெட்டையான செயலாளர் தலை குனிந்தபடி. சுற்றிலும் காவலர்களும் நிருபர்களும். படத்துக்குக் கீழே இருவரின் வாக்குமூலமும் இருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றது, விளக்கும் விசிறியும் அணைந்தன, அபாய மணி வேலை செய்யவில்லை, கும்மிருட்டில் வியர்வையில் குளித்தபடி நின்றோம்.

அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம். தெருவில் ஒரு வண்டி போனது, இன்னொன்று போனது. அம்மாள் பொறுமையிழந்து மச்சானைப் பார்த்தாள். "இப்படித்தான்" என்று அவன் கண்ணாலேயே சொன்னான்.

"மச்சான், இதுல உனக்கு என்ன தெரியுது?"

"ரெண்டு பேரும் அரண்டு போயிருக்காங்க, அத்தான்."

"கால்களைப் பாரு."

மச்சான் குனிந்தான். "காவலர் பூட்ஸ்ல சேறு. நிருபர் செருப்புல சேறு. அன்னிக்கு ஊரே சேறுதானே. அமைச்சர் செருப்பு…" நிறுத்தினான். "வெள்ளையா இருக்கு. மாவு மிதிச்ச மாதிரி. செயலாளர் ஷூவும்."

"சட்டை?"

"சட்டை நல்லாத்தான் இருக்கு. இஸ்திரி மடிப்புகூடக் கலையல."

"வியர்வையில குளிச்சாங்களாமே" என்றார் மதிப்பீட்டாளர். செய்தித்தாளை மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அத்தானுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கைதான் காட்டிக்கொடுக்கும்.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்."

விசாரணை ஆணையராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை அரசு நியமித்திருந்தது. கண்டிப்பான பெண்மணி. குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் தன் தரப்பில் ஒருவரை அனுப்பலாம் என்று அவர் அனுமதித்திருந்ததால் மதிப்பீட்டாளருக்குக் கட்டடத்தின் கதவுகள் திறந்தன. சில கதவுகள் எரிச்சலோடு திறந்தன.

அமைச்சர் அறையில் விருந்தினர் நாற்காலிகள் தாழ்வாக இருந்தன. உட்கார்ந்தால் முட்டி மார்புக்கு வந்தது.

"எத்தனை தடவை சொல்றது?" என்றார் அமைச்சர். "லிஃப்ட் நடுவுல நின்னுச்சு. விளக்கு போச்சு. விசிறி போச்சு. மணி அடிக்கல. கும்மிருட்டு. வியர்வையில குளிச்சோம்."

மதிப்பீட்டாளர் தலையாட்டினார். அப்புறம் சும்மா இருந்தார். அமைச்சர் மேசையில் விரலால் தாளம் போட்டார். பிறகு சன்னலைப் பார்த்தார். பிறகு தாங்க முடியாமல், "அதுவும் யாரோட மாட்டினேன் பாருங்க. மக்கள் தவிக்கிறாங்களேன்னு நான் துடிக்கிறேன், அந்த ஆளு ஒரு வார்த்தை பேசணுமே! முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. முழு நேரமும் முதுகு. ஒரு அமைச்சர்கிட்ட முதுகைக் காட்டுற அதிகாரியை எந்த நாட்டுலயாவது பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்ல" என்று மதிப்பீட்டாளர் எழுந்தார்.

செயலாளர் அறையில் விருந்தினருக்கு நாற்காலியே இல்லை.

"மாண்புமிகு அமைச்சர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை" என்றார் செயலாளர். அச்சடித்த தமிழில் பேசுவது அவர் வழக்கம். "லிஃப்ட் நடுவில் நின்றது. விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. மணி வேலை செய்யவில்லை. கும்மிருட்டு. வியர்வையில் குளித்தோம்."

வெளியே வந்ததும் மச்சான் குதித்தான். "ரெண்டு பேரும் அப்படியே ஒத்துப் போறாங்க, அத்தான். நம்ம ஆளு மாட்டினான்."

"அதான் மச்சான் எனக்கு உறுத்துது. விரிப்பு எத்தனை நீளம்னு ஒத்துப் போகாதவங்க. மழை பெய்யுதான்னு கேட்டாக்கூட ஆளுக்கு ஒண்ணு சொல்றவங்க. இதுல மட்டும் வரிக்கு வரி ஒண்ணா சொல்றாங்களே, எதுக்காக? வா, உன் கைவேலை கொஞ்சம் வேணும்."

ஆணையரின் அனுமதியோடு, ஒரு காவலர் முன்னிலையில், மதிப்பீட்டாளர் மொட்டை மாடிக்குப் போய் மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார். மச்சான் கீழே லிஃப்டுக்குள் இருந்தான். விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. அவன் இருட்டில் தடவி அபாய மணியை அழுத்தினான்.

கட்டடமே அதிர்ந்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

மச்சான் படியேறி மூச்சிரைக்க வந்தான். "மணிக்குத் தனி பேட்டரி, அத்தான்! பேட்டரி பெட்டி மேல தூசி ஒரு விரக்கடை. யாரும் இப்ப மாத்தல. மெயின் போனாலும் அது அடிக்கும். வேலை செய்யலைன்னது பச்சைப் பொய்."

"இன்னொண்ணும் பார்த்திருப்பியே."

"பார்த்தேன். நாலாவது மாடிப் பொத்தான் மேல ஒட்டுத்தாள் ஒட்டியிருந்திருக்கு, யாரும் அழுத்தக் கூடாதுன்னு. அது கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச இடத்துல பசை இன்னும் பளபளன்னு இருக்கு, அழுக்கு சேரல." மச்சான் குரலைத் தாழ்த்தினான். "ஆனா அத்தான், நாலாவது மாடிக்குத்தான் ரெண்டு பூட்டு போட்டிருக்கே?"

"படிக்கதவுக்குப் போட்டிருக்காங்க. லிஃப்டுக்கு எங்க பூட்டு?"

மச்சான் படி வழியே கீழே எட்டிப் பார்த்தான்.

மதிப்பீட்டாளர் படியில் உட்கார்ந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அத்தான் யோசிக்கவில்லை, யோசித்து முடித்துவிட்டார் என்று மச்சானுக்குத் தெரிந்தது. முடித்த பிறகும் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆணையர் எல்லோரையும் நான்காம் மாடிப் படிக்கதவுக்கு முன் வரச் சொன்னார். அமைச்சர் தன் உதவியாளரோடு வந்தார். செயலாளர் தன் உதவியாளரோடு வந்தார். லிஃப்ட்காரரைக் காவலர் ஒருவர் அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர், பல நாள் தாடி. மாமியாரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்வாங்கினார்.

"பூட்டைத் திறங்க" என்றார் ஆணையர்.

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அமைச்சரைப் பார்த்தார்.

"அவர் முதலில் திறக்கட்டும்" என்றார் செயலாளர்.

"ஏன், நான் என்ன வாட்ச்மேனா?"

"சாவி கொண்டுவந்திருக்கீங்களா, இல்லையா?" என்றார் ஆணையர்.

இருவர் சட்டைப்பையிலும் சாவி இருந்தது. இருவர் கையும் அசையவில்லை. ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழைய கதையாக இருந்தால் ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

"இருக்கட்டும்மா" என்றார் மதிப்பீட்டாளர். "இவங்க அன்னிக்கு வந்த வழியிலயே போகலாம்."

அதைக் கேட்டதும் இருவரின் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது.

லிஃப்ட் சிறியது. மூன்று நடையாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட்காரர் நான்காம் மாடிக் கதவை இழுத்ததும் சுண்ணாம்பு நெடி அடித்தது. நீளமான நடைக்கூடம். பாதிச் சுவர் வெள்ளை, பாதிச் சுவர் பழைய பச்சை. தரையெங்கும் சுண்ணாம்புத் தூள் மெத்தை போலப் படிந்திருந்தது. அதன்மேல் இரண்டு ஜோடிக் கால் தடங்கள், லிஃப்ட் வாசலிலிருந்து மூலை அறைவரை, எழுதி வைத்ததுபோல் போய்த் திரும்பியிருந்தன. ஒன்று செருப்பு, குட்டையான அடிவைப்பு. மற்றது ஷூ, நீண்ட அடிவைப்பு.

"யாரும் மிதிக்காதீங்க. சுவர் ஓரமா வாங்க" என்றார் ஆணையர். அவர் குரல் மாறியிருந்தது.

மூலை அறை பெரியது. நான்கைந்து குடும்பம் குடியிருக்கலாம். நடுவில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. எதிரெதிராக நடந்திருக்கிறார்கள், திரும்பியிருக்கிறார்கள், காலை உதைத்திருக்கிறார்கள்.

மதிப்பீட்டாளர் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"இவங்க சொன்ன கதைப்படி லிஃப்ட் இருட்டுல நின்னுச்சு, விசிறி இல்ல, வேர்த்துக் கொட்டிச்சு. பத்திரிகைப் படத்துல சட்டை மடிப்பு கலையல. மணி வேலை செய்யலைன்னாங்க. மெயினை அணைச்சாலும் அது அடிக்கும், நேத்து இந்தக் கட்டடமே கேட்டுச்சு. ஊரே சேத்துல நடந்த அன்னிக்கு இவங்க காலுல மட்டும் வெள்ளைத் தூள். இந்தக் கட்டடத்துல சுண்ணாம்பு இருக்கிறது இந்த ஒரு மாடியிலதான். லிஃப்ட் நடுவுல நிக்கவே இல்லம்மா. இவங்க ஒட்டுத்தாளைக் கிழிச்சு நாலாவது பொத்தானை அழுத்தி இங்க இறங்கினாங்க. கதவைச் சாத்தலை. சாத்திப் பழக்கம் இல்லையே, எப்பவும் சாத்தி விடுறதுக்கு ஆள் இருந்திருக்கு. கதவு திறந்திருந்தா லிஃப்ட் அசையாது. இவர் மாடி மாடியா ஓடித் தட்டினாரு. இங்க மட்டும் தட்ட முடியல, ரெண்டு பூட்டு. கடைசியில வேற வழியில்லாம தாங்களே கதவைச் சாத்திக்கிட்டுத்தான் ஆறாவதுக்கு ஏறியிருக்காங்க. மத்த மாடியில இவர் தட்டின சத்தம்கூட இவங்களுக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டுது" என்றார் லிஃப்ட்காரர் திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். அவர் வெட்கத்தோடு தரையைப் பார்த்தார். "எனக்குக் கேட்டுதுங்க, பேச்சுச் சத்தம். பூட்டின மாடியில யார் பேசுவாங்க, பிரமைன்னு நினைச்சுட்டேன்."

"அபாண்டம்!" என்றார் அமைச்சர். "யாரோ கால் தடத்தைக் காட்டி… வெள்ளையடிக்க வந்தவன் தடமா இருக்கும்."

"வெள்ளையடிக்கிறவர் இவ்வளவு நல்ல ஷூ போடுவாரா?" என்று மச்சான் முணுமுணுத்தான்.

மதிப்பீட்டாளர் அமைச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். அமைச்சர் துணைக்குச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்றார் மதிப்பீட்டாளர் கடைசியில், ஏதோ விசாரிப்பதுபோல. "மதகைத் திறக்கணும்கிறதுல ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்ல. மேல நிருபர்கள் காத்திருக்காங்க. 'நான்தான் திறக்கச் சொன்னேன்'னு யார் அறிவிக்கிறதுங்கிறதுதான் சிக்கல். ஆள் இல்லாத இடத்துல பேசித் தீர்க்கலாம்னு இங்க வந்தீங்க. சரி. கடைசியில யார் அறிவிக்கிறதா முடிவாச்சு? செயலாளர் விட்டுக்கொடுத்ததா கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னது?" செயலாளரின் அச்சுத் தமிழ் முதன்முறையாக உடைந்தது. "நானா? நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்? துறை உத்தரவு செயலாளர் பேர்லதான் போகணும், அது விதி. அதைத்தான் இவர்கிட்ட இந்த இடத்துல நின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"விதியா? ஓட்டு வாங்கினது நீயா நானா?" என்று அமைச்சர் பாய்ந்தார். "நான் பாதி இறங்கி வந்தேன்! முதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீ சொல்லுன்னேன். அதுக்கும் நீ ஒத்துக்கல. இந்த அறையைத் தந்தா ஒத்துக்கிறேன்னு சொன்னியா இல்லையா? சொல்லு! இந்த அறைக்குப் பேரம் பேசினியா இல்லையா?"

"பேரத்தை ஆரம்பிச்சது நீங்க!"

அப்புறம் இருவரும் நிறுத்தினார்கள். ஆணையரின் எழுத்தர் பேனாவை எடுக்கவே இல்லை. அவர் வாய் பிளந்து நின்றார்.

"எழுதுங்க" என்றார் ஆணையர் அவரிடம், மெதுவாக.

மதிப்பீட்டாளர் இன்னும் முடிக்கவில்லை. சன்னலை நோக்கி நடந்தார். அகலமான கண்ணாடிச் சன்னல். இரண்டு வருடச் சுண்ணாம்புத் தூளில் அது பால் போல மங்கியிருந்தது. அதில் இரண்டு இடங்களில் மட்டும் யாரோ கையால் துடைத்திருந்தார்கள். ஒரு வட்டம் உயரத்தில், ஒரு வட்டம் தாழ்வில். அருகருகே.

"அமைச்சர் என்கிட்ட ஒரு குறை சொன்னாரு" என்றார். "கும்மிருட்டுல, செயலாளர் முழு நேரமும் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாராம். இருட்டுல முதுகு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் கேட்கல. எதைப் பார்த்து நின்னா முதுகு தெரியும்னு யோசிச்சேன். படியில உட்கார்ந்து யோசிச்சேன். அப்படி இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன்." அவர் கையைப் பையில் போட்டுக்கொண்டார். "உயரமான வட்டம் செயலாளரோடது. தாழ்வான வட்டம் அமைச்சரோடது. அம்மா, வந்து பாருங்க."

ஆணையர் முதலில் பார்த்தார். பிறகு, யாரும் அழைக்காமலே, காய்கறி விற்றுக் கூடை தூக்கித் தூக்கித் தோள் சாய்ந்த அந்த மாமியார் அம்மாள் வந்து தாழ்வான வட்டத்தில் கண்ணை வைத்தாள்.

ஏரி தெரிந்தது. உடைந்த கரை தெரிந்தது. அதற்குக் கீழே கூரைகள் வரிசையாக, சேறு காய்ந்த நிறத்தில். அவளுடைய கூரை தெரிந்தது. அதற்கு அடுத்தது தையல்காரர் வீடு.

"பார்த்துக்கிட்டே நின்னாங்களா?" என்றாள் அவள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "தண்ணி ஏறுறது இங்கிருந்து தெரிஞ்சுதா? பார்த்துக்கிட்டேவா அறைக்குப் பேரம் பேசினாங்க?"

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நிலைமையைக் கண்காணிக்கத்தான்…" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. விட்டுவிட்டார்.

அமைச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இப்போதுதான் அவருக்கு உண்மையாகவே வேர்த்தது.

ஆணையர் காவலரைக் கூப்பிட்டார். "இவரை விடுங்க" என்றார் லிஃப்ட்காரரைக் காட்டி. "இவர் மேல வழக்கு இல்ல. யார் மேலன்னு இன்னைக்கு நான் எழுதி அனுப்புறேன். நீங்க கீழ போய் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கண்ணாடியையும் தடத்தையும் யாரும் தொடக் கூடாது."

எழுத்தர் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு எல்லோரும் சுவர் ஓரமாக லிஃப்டுக்குத் திரும்பினார்கள். முதல் நடையில் உதவியாளர்களும் காவலரும் எழுத்தரும் இறங்கினார்கள். தலைவர்களை விட்டு முதலில் இறங்குகிறோமே என்று அந்த உதவியாளர்கள் கொஞ்சமும் தயங்கியதாகத் தெரியவில்லை. லிஃப்ட் திரும்ப வந்தது. ஆணையர் ஏறினார். மதிப்பீட்டாளரும் மச்சானும் ஏறினார்கள். மாமியார் ஏறினாள். அதற்குமேல் ஒருவர் ஒடுங்கி நிற்கலாம்.

அமைச்சரும் செயலாளரும் வாசலில் நின்றார்கள். இருக்கிற ஒரு இடத்துக்கு இருவரும் ஒரே சமயத்தில் காலை எடுத்து வைத்தார்கள். தோளும் தோளும் இடித்தன. இருவரும் பின்வாங்கி, ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். இந்த நிலையிலும்.

லிஃப்ட்காரர் கதவுப் பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார். முதுகு தானாகவே கொஞ்சம் வளைந்திருந்தது. பெரியவர்கள் ஏறும்வரை கதவைப் பிடித்து நிற்பது அவர் உடம்பில் ஊறிய வேலை. மதிப்பீட்டாளர் அவரைப் பார்த்தார். ஆணையர் மேல் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"அங்க என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மாமியார். "வீட்டுல பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. கதவைச் சாத்துங்க, மாப்ளே."

அவர் திரும்பிப் பார்த்தார். காதில் விழுந்ததை நம்பாதவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு கதவை இழுத்துச் சாத்தினார்.

லிஃப்ட் இறங்கியது. மேலே, தங்கள் கையாலேயே வெளிப்புறமாகப் பூட்டிய மாடியில், இருவர் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யார் பலமாகத் தட்டுவது என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்ததும் கேட்டது.

"திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரணுமாங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

மதிப்பீட்டாளர் வெகு நேரம் யோசித்தார். தரைத்தளம் வந்துவிட்டது.

"முக்கால் மணி நேரம் போகட்டும்" என்றார்.